வீட்டின் விற்பனை விலையை இறக்கும் தினசரிப் பழக்கங்கள் என்னென்ன?

புதுச்சாவி:
ஓரிரு வருஷத்தில் வீட்டை விற்கும் எண்ணம். பெரிய மராமத்து எதுவும் செய்யப் போவதில்லை. தினமும் தெரியாமலே செய்து, கடைசியில் விலையில் அடிவாங்க வைக்கிற பழக்கங்கள் எவை? இன்னொரு சந்தேகம்: குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. சுரண்டிவிட்டு புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

தூக்குக்குண்டு:
போதாது. உள்ளே போகிற தண்ணீர், செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு பெயிண்டுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி அதை நெட்டித் தள்ளும். வழியை அடைக்காமல் எதைப் பூசினாலும் திரும்ப உதிரும். அதோடு, அந்த ஓர் இடத்தில் மட்டும் பளிச்சென்று புதுப் பெயிண்ட் இருந்தால் வாங்க வருபவர் கண் நேரே அங்கேதான் போகும்.

முதலில் பைப்பா தரையா என்று பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரம் யாரும் தண்ணீர் தொடக் கூடாது. மீட்டர் நகர்ந்திருந்தால் மீட்டருக்குப் பிறகு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஃபிளஷ் தொட்டியும் இதில் சேரும், அதையும் பாருங்கள். நகராவிட்டால் குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் 2 செ.மீ. தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். வெளிச்சுவரில் ஓதம் பரவினால் தரைதான். பல வீடுகளில் தரையும் சுவரும் சேரும் மூலையில் இடுக்கை அடைத்திருக்கும் சிலிகான் பசை விட்டுப்போயிருக்கும். பழையதன் மேலேயே புதுசைப் பிதுக்காதீர்கள், சிலிகான் மேல் சிலிகான் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகு வையுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

கசிவு நின்றதும் அவசரப்பட்டுப் பெயிண்ட் வேண்டாம், சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பழக்கம் என்றால் இதுதான் முதல்: குளித்து முடித்த கையோடு எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துவது. இன்னும் 20 நிமிடம் ஓட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி பீரோவை நெருக்கி வைப்பதும் அப்படித்தான். 5 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் காற்றோட்டமில்லாமல் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே செடிக்காக மண்ணைச் சுவரோடு குவிக்காதீர்கள், அடித்தளத்தின் ஈரத்தடுப்புப் படைக்கு 15 செ.மீ. கீழேயே மண் மட்டம் இருக்கட்டும்.

உளிச்சத்தம்:
தண்ணீர்க் கதையை மேலே சொல்லியாகிவிட்டது. நான் ஆசிடுக்கு வருகிறேன். மார்பிள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, வினிகர், டாய்லெட் ஆசிட் எது பட்டாலும் மேற்பரப்பு கரைந்து மங்கல் வட்டம் விழும். அது கறை இல்லை, அரிப்பு. தேய்த்தால் போகாது, திரும்பப் பாலிஷ் போட்டால்தான் போகும். 'இயற்கையானது' என்று வினிகரால் துடைப்பவர்கள்தான் தரையை அதிகம் கெடுக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கின் சிமென்ட் க்ரௌட்டையும் ஆசிட் தின்னும். இடுக்கு திறந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், புதுச்சாவி சொன்ன சுவர்தான் அடுத்த கட்டம். ஆசிடின் ஆவி ஸ்டீல் சிங்க்கையும் குழாய்களையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆசிடோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். தினசரிக்கு நடுநிலை சோப்புத் தண்ணீர் போதும்.

லேமினேட் தரையில் சொட்டச் சொட்ட மாப் போடக் கூடாது. உள்ளே இருப்பது மரத்தூள் பலகை. இணைப்பில் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பும், பழையபடி அமுங்காது.

புதுச்சாவி:
வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கும் பழக்கம் ஒருவருக்கு உண்டு. விற்கும் முன் முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஏணிப்படி:
எமல்ஷனை நேரடியாக அடித்தால் மஞ்சள் கறை ஊறி மேலே வரும், வாசனையும் போகாது. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஷெல்லாக் (அரக்கு) வகைக் கறைத்தடுப்பு ப்ரைமர் அடித்து, அதன் மேல் பெயிண்ட். அடுப்புக்கு மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்குக்கும் கழுவல் கட்டாயம், இல்லாவிட்டால் புதுப் பெயிண்ட் தோலாக உரியும். திரைச்சீலை, சோஃபாத் துணியில் ஏறியது தனி, துவைத்தோ மாற்றியோ ஆக வேண்டும். ஆட்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் ரூம் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பிடிப்பவரை இன்றே வெளியே அனுப்புங்கள், ஜன்னலோரம் கணக்கில் வராது.

தூக்குக்குண்டு:
ஒன்று விட்டுப்போச்சு. சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியின் அடிப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர். அதில் கொஞ்சம் இறங்கினாலே பலகை ஊறிப்போகும். பார்க்க வருபவர்கள் கதவைத் திறந்து குனிந்து பார்க்கிற இடம் அது. ட்ராப் (சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் கழிவுக் குழாய்) இணைப்பின் வாஷர் பெரும்பாலும் காரணமாக இருக்கும், மாற்றுவது சின்ன வேலை. பழைய டிஷ்யூ ஒன்றை இணைப்புக்குக் கீழே விரித்து ராத்திரி முழுக்க விட்டால் சொட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.