ஆக்சிலேட்டர் மிதித்தால் வண்டி ஏறவில்லை, பி2138 கோடு: புது பெடல் போட்டும் திரும்ப வருகிறது

மேலூர்_டீசல்:
2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும்போது துவரங்குறிச்சி தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் எடுக்கிறேன், பாதி லாரியைக் கடந்த நேரத்தில் இன்ஜின் லைட் எரிந்து இழுவை அப்படியே போய்விட்டது. பெடலை முழுக்க அமுக்கினாலும் ஆர்பிஎம் 1,300-க்கு மேல் ஏறவில்லை. பின்னாலேயே ஒரு பஸ், வீட்டில் எல்லோரும் வண்டிக்குள் இருந்தார்கள். எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

பட்டறையில் ஸ்கேனர் போட்டு பி2138 என்ற கோளாறு கோடு வருகிறது என்று சொல்லி, பெடல் சென்சார் போய்விட்டது, தனியாகக் கிடைக்காது, பெடலோடுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினேன். சரியாகப் பதினாறு நாள். மறுபடி அதே கோடு, அதே மாதிரி நின்றது. இப்போது இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும் என்கிறார்கள். அதற்கு ஆகும் காசை நினைத்தால் தூக்கம் வரவில்லை. வேறு எதைப் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்_ஒயரிங்:
தம்பி, முதலில் இசிஎம் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். பி2138 என்றால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெடலுக்குள் ஒன்றுக்கு இரண்டு சென்சார் இருக்கிறது, இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்தக் கோடு. எது பொய் சொல்கிறது என்று தெரியாததால் இசிஎம் இரண்டையுமே நம்பாமல் வண்டியை லிம்ப் மோடில், அதாவது இழுவையைக் குறைத்து மெதுவாக மட்டும் ஓட விடும் நிலையில் போட்டுவிடுகிறது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பெடல் கப்ளரில் (ஒயர்களை மாட்டும் பிளக்) ஆறு ஒயர் வரும். ஆளுக்கு ஒரு 5 வோல்ட், ஒரு எர்த், ஒரு சிக்னல். இந்த வகைப் பெடல்களில் பெரும்பாலும் முதல் சிக்னல் காலை எடுத்த நிலையில் 0.75 வோல்ட் அளவில் இருக்கும், இரண்டாவது அதில் பாதி. மிதிக்க மிதிக்க இரண்டும் ஏறும், ஆனால் பாதிக் கணக்கு மாறாது. அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஓம் மீட்டரில் சென்சாரை அளக்காதீர்கள், உள்ளே ஹால் ஐசி (காந்தத்தை வைத்து அளக்கும் சிப்) இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. கப்ளரை மாட்டிய நிலையிலேயே, பின்பக்கமாக மெல்லிய பின் விட்டு வோல்ட் மட்டும் பாருங்கள். ஒயரில் ஊசியைக் குத்த வேண்டாம், குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் அங்கேயே பச்சை பிடிக்கும். டெஸ்ட் லாம்ப் தொடவே கூடாது, அது இழுக்கும் கரண்ட்டில் இசிஎம் நிஜமாகவே போய்விடும்.

முக்கியமான இடம் எர்த். சென்சாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு, இன்னொருவரை விட்டு ஒயர்க் கொத்தை ஆட்டச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. புது பெடல் பதினாறு நாள் ஓடியது என்கிறீர்களே, கப்ளரைக் கழற்றி மாட்டும்போது ஒயர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் எனக்குப் படுகிறது.

தஞ்சை_பெட்ரோல்:
என் அனுபவம் பெட்ரோல் வண்டியில். எனக்கு வந்தது பி2135, அது பெடல் இல்லை, இன்ஜினுக்குப் போகும் காற்றைத் தகடு வைத்துத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் சென்சார் ஜோடி. அதில் பல வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். எனக்குக் கூட்டினால் சில சமயம் 4.3 வந்தது. கப்ளருக்குள் ஒரு பின் பின்னுக்குத் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒன்று, சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள். மோட்டார் திடீரென்று மூடினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

கேட்டவருக்கு: ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் போனில் காட்டும் கருவி) இருந்தால் லைவ் டேட்டாவில் பெடல் டி, பெடல் இ என்று இரண்டு வரி வரும். நாமக்கல் அண்ணன் சொன்ன வோல்ட் அங்கே சதவீதமாகத் தெரியும், 15-க்கு 7.5 மாதிரி. ஆனால் மலிவான அடாப்டர் மெதுவாகத்தான் படிக்கும், ஒரு நொடிக்கும் குறைவான துள்ளலைத் தவறவிட்டுவிடும். அதனால் அதில் நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

மேலூர்_டீசல்:
அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மச்சானை உட்கார வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 0.75, 0.37. முழுக்க மிதித்தாலும் பாதிக் கணக்கு சரியாக வந்தது. 5 வோல்ட் இரண்டிலும் சரி. இரண்டாவது எர்த் 0.02. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று மனசு விட்டுப்போய், கடைசியாக ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ரப்பர் வழியாக ஒயரிங் உள்ளே வரும் இடத்தை மச்சான் பிடித்து ஆட்டினான். எர்த் 0.25-க்குத் துள்ளியது, கூடவே இரண்டாவது சிக்னல் 0.37-லிருந்து 0.60. உடனே இன்ஜின் லைட்!

டேப்பைப் பிரித்தால் எலி கடித்த தடம். ஒயர் முழுசாக அறவில்லை, மேல் தோல் மட்டும் போய், உள்ளே செம்பு பச்சையாகப் பொடிந்து இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

நாமக்கல்_ஒயரிங்:
நல்ல வேலை செய்தீர்கள். முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். பச்சை இல்லாத பளபளப்பான செம்பு வரும் வரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, அதே தடிமன் ஒயரை நடுவில் சேர்த்து ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். பக்கத்து ஒயர்களையும் ஒரு அடி தூரத்துக்குப் பிரித்துப் பாருங்கள், எலி ஒன்றோடு நிறுத்தாது.

மேலூர்_டீசல்:
செய்துவிட்டேன். முதல் சிக்னல் ஒயரிலும் ஒரு கடி இருந்தது, அதையும் சேர்த்தேன். மூன்று வாரம், 1,400 கிலோமீட்டர், அதே துவரங்குறிச்சி ரோட்டில் இரண்டு தடவை போய் வந்தேன், கோடு வரவில்லை. பழைய பெடலைப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்து கப்ளரை அதில் மாட்டிப் பார்த்தேன். அதே 0.75, 0.37.