சுவர் மேல் ஏறி நின்ற பையன்

கணக்கு டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புப் பையன். மதிய இடைவேளையில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நிற்கிறான், நாலு பேர் மொபைலில் படம் பிடிக்கிறார்கள். சத்தம் போட்டால் தடுமாறிவிடுவானோ என்ற பயத்தில் அவனிடம் போகாமல், படம் எடுத்தவர்களை மட்டும் சைகை காட்டி இறங்கிப் போகச் சொன்னேன். அவர்கள் தலை மறைந்ததும்தான் அவன் முட்டி நடுங்க ஆரம்பித்தது. அதுவரை நடுங்கவே இல்லை. மெல்லக் குத்தவைத்து, சுவரைத் தடவித் தடவி இறங்கினான். "ஏன்டா?" என்றேன். "தெரியல மிஸ்." அந்த முட்டி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரு அப்பா:
"தெரியல" என்றதும் விட்டுவிட்டீர்களா டீச்சர்? அங்கேதான் தப்பு. என் மகளின் பென்சில் பாக்ஸில் கிடந்ததைப் பென்டிரைவ் என்று நினைத்து லேப்டாப்பில் செருகப் போனேன், மூடியைக் கழற்றினால் பழ வாசனை. வேப், அதாவது எலக்ட்ரானிக் சிகரெட். பத்தாவது படிக்கிற பிள்ளை! கேட்டால் அவளும் "தெரியலப்பா" என்கிறாள். வீடே அதிரக் கத்தினேன், இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் கண்டிக்காமல் விடக் கூடாது என்றுதான் சொல்வேன்.

பள்ளி ஆலோசகர்:
சார், அந்தத் "தெரியல" பெரும்பாலும் பொய்யில்லை. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கார் ஓட்டும் வீடியோ விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. டீச்சர் கூட்டத்தைக் கலைத்தது அதனால்தான் பலித்தது. கண்டியுங்கள், ஆனால் தனியாக, குரல் உயர்த்தாமல். வேப்பில் இருக்கிற நிகோடினைக் கைவிட முடியாமல் தவித்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை எல்லாவற்றிலும் சிக்கிய பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறி வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்குக் கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார். என்னிடம் வந்த ஒரு பெண் நாலு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள், ஐந்தாம் நாள்தான் வாய் திறந்தாள்.

பழைய மாணவன்:
நானும் அந்தச் சுவர் ஏறுகிற ரகம்தான். எட்டாவதில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து வலது கை உடைந்தது. பசங்க விசிலடித்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. கட்டோடு பள்ளிக்கு வந்த அன்று பி.டி. சார் ஒன்றும் கேட்கவில்லை, பந்து அறைச் சாவியை என் இடது கையில் வைத்து, "நாளையிலிருந்து ஏழு மணிக்கு நீதான் திறக்கணும்" என்றார். ஒரு நாள் தூங்கிவிட்டேன். ஓடி வந்து பார்த்தால் பூட்டிய கதவுக்கு வெளியே மொத்த டீமோடு படியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பையில் மாற்றுச் சாவி இருந்தது எனக்குத் தெரியும்.

கணக்கு டீச்சர்:
வேப் பற்றி எழுதிய சார், மகள் பேசினாளா?