பங்காளிக் காய்ச்சல்: அக்கா தம்பி வழக்குக்கு இந்தச் சொல் பொருந்துமா?

காரைக்குடியான்:
பூர்வீக வீட்டுக்காக அக்காவும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனால் உடனே 'பங்காளிக் காய்ச்சல்' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. பங்காளி என்றால் ஆண்வழியில் ஒரே தாத்தாவின் வாரிசு. நகரத்தாரிடம் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அது கோயில்வரை விரியும்; ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களும் பங்காளிகள். பெண் கல்யாணமானதும் கணவர் கோயில் புள்ளியில், அதாவது அந்தக் கோயிலின் குடும்பக் கணக்கில், சேர்ந்துவிடுகிறார். தம்பிக்கு எப்படிப் பங்காளி ஆவார்?

தேவகோட்டை ஆச்சி:
சொல்லுக்குள் இருப்பதே பங்குதானே? 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் கல்யாணமாகாத பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் கல்யாணமானவரையும் சேர்த்தது. அப்போது அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பங்குள்ளவர் பங்காளி இல்லையா?

காரைக்குடியான்:
சட்டப்படி அவர் வாரிசு, ஆச்சி. பங்காளி உறவுமுறை. இழவு விழுந்தால் முழுத் தீட்டு யாருக்கு என்று பாருங்கள். பங்காளிக்குத்தான், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் குறைவு. பிள்ளை கூட்டுவதும், அதாவது தத்தெடுப்பதும், பங்காளி வீட்டிலிருந்துதான்.

வளவுக்காரன்:
ரெண்டு பேரும் பங்காளியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காய்ச்சலைப் பாருங்கள். இது சுரம் இல்லை. 'காய்தல் உவத்தல் இன்றி' என்கிறோமே, அந்தக் காய்தல்: சினம், வெறுப்பு. ஒரே இடத்தில் தொடங்கியவர்களில் ஒருவர் உயர, மற்றவருக்கு உள்ளே எரிவது. வாசலில் நின்று கத்தினால் சண்டை. கோர்ட்டுக்குப் போனால் தாவா. கல்யாணத்துக்கு வந்து மொய்யும் வைத்துவிட்டு, பொதுவீட்டு ஓடு மாற்ற மட்டும் காசு தர மறுத்தால் காய்ச்சல். ஒரே வீட்டுக்கு முப்பது நாற்பது பேர் பங்கு வைத்திருக்கும் செட்டிநாட்டு ஊர்கள் இவை. ஒருவர் ஒப்பாமல் இழுத்தடித்தால் ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் இறங்கி, உத்திரமே இற்றுப்போகும். 1972-இல் தி.மு.க.விலிருந்து பிரிந்தது அ.தி.மு.க.; அவற்றைப் பங்காளிகள் என்பது பொருந்துகிறது. இரண்டு மாநிலத்துத் தண்ணீர்த் தகராறுக்குப் பொருந்தாது, பொதுத் தாத்தா கிடையாது.

தேவகோட்டை ஆச்சி:
காய்ச்சலுக்கு நீங்கள் சொன்ன விளக்கம் சரி, தம்பி. ஆனால் கட்சிக்கு ஏது தீட்டு, ஏது கோயில்? அதற்குப் பொருந்தும் சொல் ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்குப் பொருந்தாதா?

காரைக்குடியான்:
கட்சிக்குச் சொல்வது உவமை. அக்கா நிஜ உறவு, அதை மாற்றிச் சொல்லக் கூடாது. 'உடன்பிறந்தார் சொத்துத் தகராறு' என்று எழுதினால் யாருக்கும் யாருக்கும் என்பது விளங்கிவிடும்.

தேவகோட்டை ஆச்சி:
விளங்காது. அப்படி எழுதினால் அக்கா ஏதோ தம்பியிடம் தயவு கேட்டு நிற்பதுபோல் இருக்கிறது. அவருக்குப் பங்கு இருக்கிறது என்பது அந்தத் தொடரில் எங்கே? நான் பங்காளி என்றே எழுதுவேன்.