புதுப்பிப்பு: ஈதர்நெட் டிரைவரில் சஸ்பெண்ட், ரெஸ்யூம் நகல்கள் ஒழிந்தன

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸில் ஒரு பிசிஐ ஈதர்நெட் டிரைவர், அதாவது நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள். கார்டை நிறுத்தும், கிளப்பும் அதே வரிகள் ஓப்பன், ஸ்டாப், சஸ்பெண்ட் (கணினி உறங்கப் போகும்போது), ரெஸ்யூம் (விழிக்கும்போது) ஃபங்ஷன்கள் நான்கிலும் கிடக்கின்றன, எப்படி ஒன்றாக்குவது என்று கேட்டிருந்தேன்.

கார்டைக் கிளப்ப 'அப்', நிறுத்த 'டவுன்' என்று இரண்டு உள் ஃபங்ஷன்கள் போதும் என்ற யோசனைதான் பலித்தது. ஆர்டிஎன்எல் பூட்டை (நெட்வொர்க் அமைப்பை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் காக்கும் கெர்னல் பூட்டு) மட்டும் அவற்றுக்குள் வைக்காதீர்கள். ஓப்பனும் ஸ்டாப்பும் அந்தப் பூட்டோடுதான் அழைக்கப்படுகின்றன. சஸ்பெண்டும் ரெஸ்யூமும் தாமே அதை எடுக்க வேண்டும்.

அப்புறம், பழைய பிசிஐ கால்பேக்குகளை விட்டு டெவ்_பிஎம்_ஆப்ஸுக்கு (கெர்னலின் பொதுவான பவர் மேனேஜ்மென்ட் கால்பேக்குகள்) மாறினேன். எதிர்பாராதது இங்கேதான் வந்தது. பவர் ஸ்டேட்டை மாற்றும் வரிகளை எடுத்த பிறகு, சஸ்பெண்டிலும் கார்டு டி0-விலேயே (முழு பவர் நிலை) நின்றது. காரணம், கார்டின் பிசிஐ ஸ்டேட்டை (அமைப்புகளை) சேமிக்கும் பிசிஐ_சேவ்_ஸ்டேட் அழைப்பு. டிரைவரே ஸ்டேட்டைச் சேமித்தால், பவரையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பிசிஐ கோர் (கெர்னலின் பொதுவான பிசிஐ பகுதி) ஒதுங்கிவிடுகிறது. அந்த வரியையும் நீக்கினேன். இப்போது கார்டு டி3-க்கு (உறக்க நிலை) சரியாகப் போகிறது.

வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வசதி) வேண்டுமென்றால், ஈத்டூல் என்ற நெட்வொர்க் கருவி அதை அமைக்கும் ஃபங்ஷனில் டிவைஸ்_செட்_வேக்அப்_எனேபிள் அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு கணினியை எழுப்பலாமா என்பதை கோர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது.