அப்பப்பாவின் சிகரெட் அட்டைகள்

கல்லடிப் பெடியன்: அப்பப்பாவின் பெட்டகத்துக்குள் பழைய சிகரெட் அட்டைகள் (சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த சின்னப் பட அட்டைகள்) கிடைத்தன, முன்பக்கம் நாட்டுக்கொடி, பின்பக்கம் சின்ன விளக்கமும் பிளேயர்ஸ் என்ற பிரிட்டிஷ் சிகரெட் கம்பெனியின் பெயரும். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. எந்தக் காலத்தவை? ஆல்பத்தில் ஒட்டலாமா?

காத்தான்குடி நானா: ஒட்டவே வேண்டாம் தம்பி! பிளேயர்ஸ் 1936இல் 'தேசியக் கொடிகளும் சின்னங்களும்' என்று 50 அட்டைத் தொடர் விட்டது, அதுவென்றால் பின்னாலேயே பசை இருக்கும், நம் வாவிக்கரை ஈரத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தனித்தனி உறையில் வையுங்கள்.

களுவாஞ்சிக்குடி: 1940 அளவில் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் இந்த அட்டைகள் நின்றுபோயின. இலங்கைக் கொடி இருக்கிறதா பாருங்கள், அப்போது சிங்கம் இல்லை, நீலத்துணியில் மூலையில் யூனியன் ஜாக், வட்டத்துக்குள் தூபியும் யானையும். வாவியில் பாடுவதாகச் சொல்லும் நம் மட்டக்களப்பு மீன்மகளுக்கும் ஒரு அட்டை போட்டிருக்கலாம்!

கல்லடிப் பெடியன்: நன்றி நானா, அண்ணன். இன்றைக்கே உறை வாங்குகிறேன்.