ஏறிச் சென்ற வீட்டுக்குள் இறங்கிச் செல்கிறோம்

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சிறு தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. 1986-இல் அப்பா அதைக் கட்டியபோது, தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் நடைக்குள் கால் வைக்க முடியும். மாலை நேரங்களில் நானும் தங்கையும் அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் பாடம் படித்தோம். இன்று அவை இரண்டும் தாருக்கு அடியில் கிடக்கின்றன. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து உயர்ந்து, இப்போது மூன்று அங்குலம் இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம்.

தெரு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை 2019-ஆம் ஆண்டு கோடையில்தான் நான் கண்ணால் பார்த்தேன். ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த அந்த ஜூன் மாதத்தில், எங்கள் வாசலுக்கு எதிரே குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்தின் பக்கவாட்டில் கருப்புக் கருப்பாக வரிகள் தெரிந்தன. உள்ளே நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "ஒவ்வொரு கோடும் ஒரு ரோடு சார்" என்றார். இருவரும் சேர்ந்து எண்ணினோம்: ஏழு. டேப்பை வைத்து அளந்தபோது அடிமட்டத் தாரிலிருந்து மேல்பரப்பு வரை 14 அங்குலம் இருந்தது. எங்கள் இரண்டு படிகளையும் விழுங்கியவை அந்த வரிகள்தான். அப்போது வாசலும் தெருவும் சமமட்டத்தில் இருந்தன. அதன்பின் இன்னொரு முறை தார் போட்டதில்தான் நாங்கள் கீழே போனோம்.

தெருமுனையில் ஓர் அடிபம்பு உண்டு. அதன் மூக்கு ஒரு காலத்தில் இடுப்புக் குடத்தை நிமிர்த்தி வைக்கும் உயரத்தில் இருந்தது. சாலை ஏற ஏற அது முழங்காலுக்கும் கீழே வந்துவிட்டதால், பம்பைச் சுற்றிக் குழி தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு ஆயா எழுபது வயதைத் தாண்டியவர். காலை ஐந்து மணிக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழிக்குள் இறங்கி, குடத்தை வைத்துவிட்டு, மேலே ஏறி வந்து அடித்து, நிறைந்த குடத்தைத் தூக்க மறுபடியும் இறங்குவார். மழை பெய்துவிட்டால் குழி முழுக்கத் தெருவின் அழுக்குநீர் நின்றுவிடும்; முதலில் அதை இறைத்துவிட்டுத்தான் குடிநீர் பிடிக்க வேண்டும்.

ஆனாலும் சாலை உயர்வதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போதுதான். அன்றிரவு மின்சாரம் இல்லை. மணல் மூட்டைகளை அடுக்கி முன்வாசலை அடைத்துவிட்டு, தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும் என்று டார்ச் விளக்குடன் காவல் இருந்தோம். பின்னால் குளியலறையிலிருந்து களக்களக்கென்ற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தரையில் உள்ள வடிகால் துளையின் வழியாகக் கழிவுநீர் பொங்கிக்கொண்டிருந்தது. முன்வாசலில் ஒரு சொட்டு நுழைவதற்கு முன்பே சமையலறையில் கணுக்கால் அளவு நின்றுவிட்டது. அம்மாவைக் கட்டிலின் மேல் உட்கார வைத்துவிட்டு, விடியும் வரை வாளியால் இறைத்துக் கொட்டினோம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பின்னர் ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர் ஒருவர் எனக்கு விளக்கினார். பாதாளச் சாக்கடை நிரம்பினால், எந்தத் திறப்பு தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் நீர் வெளியேறும். முன்பு தெருவிலிருந்த மேன்ஹோல் மூடி எங்கள் குளியலறைத் தரையைவிடத் தாழ்வாக இருந்ததால், அடைப்பு ஏற்பட்டால் தெருவில் வழியும். எல்லோரும் பார்ப்பார்கள், புகார் செய்வார்கள், சரிசெய்துவிடுவார்கள். சாலை உயரும்போது செங்கல் வைத்து மூடியையும் உயர்த்திவிடுகிறார்கள். வீட்டுக் குழாய் மட்டும் பழைய மட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இப்போது மிகத் தாழ்வான திறப்பு எங்கள் குளியலறையே. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்திருக்கும், பெருமழையில் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி நிற்கும் இந்தப் பகுதியில், அந்தச் சில அங்குலங்கள்தான் ஒரு குடும்பத்தின் இரவைத் தீர்மானிக்கின்றன.

மூன்று வீடு தள்ளியிருப்பவர் நகைகளை அடகு வைத்து, வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்துத் தம் வீட்டை மூன்றடி தூக்கிவிட்டார். இப்போது அவர் வீட்டு வாசலில் விழும் மழைநீர் இருபுறமும் உள்ள தாழ்ந்த வீடுகளுக்குப் போகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கடந்த பிப்ரவரியில், இரவு பதினொரு மணிக்குத் தார் லாரி மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டிருந்தார். அது பற்றிய செய்தியை அச்செடுத்து வைத்திருந்தேன், மேற்பார்வையாளரிடம் காட்டினேன். தெரு பன்னிரண்டு அடிதான், சுரண்டும் இயந்திரம் உள்ளே திரும்பாது என்றார் அவர். அவர் சொன்னது பொய்யில்லை. பெரிய இயந்திரத்துக்கு அந்த அகலம் போதாது. அதற்காக ஒன்பதாவது வரியையும் ஏற்றவிட எங்களுக்கு மனம் வரவில்லை. பேச்சு நீண்டுகொண்டிருந்தபோது ஆயா தம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெரு நடுவில் போட்டு உட்கார்ந்து, "நைனா, இன்னும் எவ்ளோ கீழ எறங்கச் சொல்ற என்னை?" என்று கேட்டார். அந்த மனிதர் பதில் சொல்லாமல் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். லாரி திரும்பிச் சென்றது.

ஒன்பது நாள் கழித்துச் சிறிய இயந்திரம் ஒன்று வந்தது. அது எட்டாத ஓரங்களில் ஆட்கள் பிரேக்கர் வைத்து உடைத்தார்கள். இரண்டு அங்குலம் எடுத்தார்கள், இரண்டு அங்குலம் போட்டார்கள். பெயர்த்த தார்க்கட்டிகள் ஒரு வாரம் தெருமுனையில் குவிந்து கிடந்தன என்றாலும், வேலை முடிந்த பின் அளந்தபோது எங்கள் வாசல் பழையபடி மூன்று அங்குலம்தான் தாழ்ந்திருந்தது.

உங்கள் தெருவிலும் சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், முதலில் நிலைப்படியிலிருந்து தெருமட்டம் வரை டேப் வைத்து அளந்து, எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணி மதிப்பீட்டில் சுரண்டும் வேலை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். மேன்ஹோல் மூடியின் உயரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நான் அதைக் கேட்கத் தவறினேன், எங்கள் தெருவில் மூடி இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்குத் தெற்கே உள்ள தெருவில் மறுவாரம் இரவோடு இரவாகச் சுரண்டாமலே தார் போட்டுவிட்டார்கள். சந்திப்பில் அளந்தேன், இரண்டரை அங்குலம் ஏறியிருக்கிறது. இனி அங்கே பெய்யும் மழையும் எங்கள் தெருவுக்குத்தான் வரும். இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பத்தொரு வீடுகள் ஆகியிருக்கின்றன. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மீதி வீடுகளுக்கும் போய்வந்துவிட வேண்டும்.