அலாவுதீன் விளக்கின் 'ஜீனி': அரபா, லத்தீனா?

பழஞ்சுவடி:
'ஜீனி' என்பது அரபு 'ஜின்'னின் திரிபு என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். நான் ஒப்பவில்லை. அது லத்தீன் 'கெனியுஸ்'. ரோமானிய ஆண் ஒவ்வொருவனோடும் கூடப் பிறக்கும் காவல் தெய்வம். அவன் பிறந்தநாளில் அதற்கு மதுவும் சாம்பிராணியும் படைப்பார்கள். பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில், வெட்டியர் (Vettii) என்ற குடும்பத்தாரின் வீட்டுச் சுவரில் இன்றும் அது நிற்கிறது: தலையில் முக்காடு, இருபுறமும் கொம்புக் குவளை ஏந்தி ஆடும் வீட்டுத் தெய்வங்கள், கீழே ஒரு பாம்பு. அந்தச் சொல்தான் பிரெஞ்சில் 'ஷெனி' ஆனது. 1704 முதல் ஆயிரத்தோரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்ட அந்த்வான் கலான் அதை எடுத்தாண்டார். ஆங்கிலம் அவரிடம் வாங்கியது.

கடலோடி:
கலான் ஏன் அதை எடுத்தார் ஐயா? அவர் முன்னால் இருந்த அரபுப் பிரதியில் 'ஜின்னி' இருந்தது. ஒலியும் ஒத்தது, பொருளும் கிட்டத்தட்ட ஒத்தது. சட்டைதான் பிரெஞ்சு, உடம்பு அரபு. ஜ-ன-ன வேருக்கு மறைத்தல், மூடுதல் என்று பொருள். கண்ணுக்கு மறைந்தது ஜின். வயிற்றில் மறைந்த சிசு ஜனீன். மரம் மூடிய தோட்டம் ஜன்னத். புத்தி மூடிப்போனவன் மஜ்னூன். குர்ஆன் 6:76இல் இப்ராஹீம் நபியை இரவு மூடிக்கொண்டது என்பதற்கும் இதே வினைதான். இத்தனை உறவுக்காரர்கள் இருக்கிற சொல்லுக்கு லத்தீனில் போய் ஊர் தேடுவானேன்?

பழஞ்சுவடி:
'ஜின்' அரபுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. நான் பேசுவது 'ஜீனி'யைப் பற்றி. கலானுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டிலேயே, காவல் ஆவி என்ற பொருளில் அது ஆங்கிலத்தில் உண்டு. அரபுக் கதைகள் வந்த பிறகும் ஆங்கிலேயர் அதற்கு லத்தீன் பன்மையைத்தான் போட்டார்கள்.

நிலாமுற்றம்:
வரம் கொடுப்பதை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். ஆயிரத்தோரு இரவுகளின் மீனவன் கதையில் பித்தளைக் குடத்திலிருந்து வரும் இஃப்ரீத் என்ற வகை ஜின், 'எப்படிச் சாக விரும்புகிறாய்' என்றுதான் கேட்கிறது. கேட்டதையெல்லாம் கொண்டுவருவது அலாவுதீன் கதையில். சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர் ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் கலானுக்குச் சொன்ன கதை அது. அதற்கு முந்திய அரபுப் பிரதி கிடைக்கவில்லை. அந்தக் கதையிலும் மூன்று வரம் என்ற கணக்கு கிடையாது. விளக்கு யார் கையிலோ அவருக்கு அடிமை, அவ்வளவுதான்.

கடலோடி:
அதைத்தான் சொல்கிறேன். அலெப்போக்காரர் வாயில் 'ஷெனி'யா வந்திருக்கும்? 'ஜின்' என்றுதான் சொல்லியிருப்பார்.

பழஞ்சுவடி:
சரி, சொல்லியிருக்கட்டும். கலான் அச்சிட்டது 'ஷெனி'. ஊர் ஊராகப் பரவியது அச்சில் வந்த சொல்.